கடுகின் கணக்கு

ஜூன் 3, செவ்வாய்

என் பூனை கடுகு, ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகிற மண் தட்டில் நான்கு முறை ஏறி இறங்கிவிட்டான். தோண்டுகிறான், குந்துகிறான், எழுந்து மூடுகிறான். மூடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மலச்சிக்கலாக இருக்கும். மேல்வீட்டில் டிரில் சத்தம் வேறு.

ஜூன் 4

விடியற்காலை 3 மணி. பாத்ரூம் வாசலில் குந்தி அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தான். டைல்ஸில் மூன்று சொட்டு. ஒன்று ரோஸ் நிறம். அடிவயிற்றைத் தொட்டால் உள்ளே கெட்டியாக எலுமிச்சம்பழம் போல ஏதோ தட்டுப்பட்டது. டாக்டருக்கு போன் போட்டேன். “ஆண் பூனையா? விடியும்வரை காத்திருக்காதீங்க” என்றார்.

மூத்திரப் பாதை அடைத்துவிட்டதாம். அப்படியே விட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடுமாம். மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டிருக்கிறார்கள். நேற்று மலச்சிக்கல் என்று எழுதியிருக்கிறேன்.

ஜூன் 5

வெறும் கூடை வாசலிலேயே கிடக்கிறது. எடுத்து வைக்க மனமில்லை.

ஜூன் 7, சனி

வந்துவிட்டான்.

கிளம்பும் முன் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். மூத்திரத்தில் ஸ்ட்ருவைட் என்ற தாதுப் படிகங்கள்: கண்ணாடியில் செய்த குட்டிச் சவப்பெட்டி மூடிகள். அழகாகத்தான் இருந்தன, பாவிகள். கிருமி எதுவும் இல்லையாம். யூரின் இன்ஃபெக்‌ஷன் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள், ஆன்டிபயாடிக் வேண்டாமா என்று கேட்டேன். சின்ன வயதுப் பூனைகளுக்குக் கிருமியால் வருவது குறைவு, பயமும் பதற்றமுமே மூத்திரப்பையைப் புண்ணாக்கிவிடும் என்றார். “சமீபத்தில் வீடு மாறினீங்களா?”

மாறினோம் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

வலி மருந்து அவர் எழுதிக் கொடுத்தது மட்டும்தான். நம் பாராசிட்டமால் ஒரு மாத்திரை போதும், பூனையைக் கொன்றுவிடும்.

இரவு: மண் தட்டில் மூத்திரக் கட்டி 2. நெல்லிக்காய் அளவு.

ஜூன் 8

அம்மா மூன்று தடவை கூப்பிட்டாள். வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர், நெருஞ்சி முள் கஷாயம். “உங்கப்பாவுக்குக் கல்லு எதுல கரைஞ்சுது?” நாட்டு மருந்துக் கடையில் நெருஞ்சி முள் வாங்கி வந்து கொதிக்கவும் வைத்துவிட்டேன். வடிகட்டிய பிறகுதான் டாக்டரைக் கேட்கத் தோன்றியது. அவர் சிரிக்கவில்லை. ஆப்பிள் சைடர் வினிகர்? அதுவும் வேண்டாம், அவர் கொடுத்த உணவே மூத்திரத்தைப் புளிப்பாக்கத்தான், அதோடு இன்னொன்றும் சேரக்கூடாது. எல்லாவற்றையும்விட, பிடித்து அமுக்கி வாயில் சிரிஞ்சு வைத்தால் அவன் மிரளுவான். மிரண்டால் மறுபடி முதலிலிருந்து.

எனக்கோ கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருக்கிறது. கஷாயத்தை நானே குடித்தேன். நன்றாகவே இல்லை.

3. எலுமிச்சை 1, நெல்லி 2.

ஜூன் 9

பழைய வீட்டு அட்வான்ஸ் இன்னும் வரவில்லை.

ஜூன் 11, புதன்

தண்ணீர்தான் மருந்து. நாலு கிலோ உடம்புக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 மில்லி, சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து. இத்தனை நாள் போட்ட உலர் தீனியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீரே. அதிலும் இரண்டு ஸ்பூன் வெந்நீர் கலக்கிறேன். கோழி வேகவைத்த தண்ணீர் கொஞ்சம் தரலாம் என்றார். உப்பு கூடாது, வெங்காயம், பூண்டு வாசனைகூட ஆகாது, அவனுடைய ரத்தத்தையே அழித்துவிடும்.

ஐந்து இடத்தில் ஐந்து பாத்திரம் வைத்தேன். பீங்கான், எவர்சில்வர், கண்ணாடி என்று எதையும் சீந்தவில்லை. ஜன்னலோரம் துளசித் தொட்டிக்கு அடியில் இருந்த சுட்டமண் தட்டைக் கழுவித் தண்ணீர் ஊற்றினேன். வந்தான், மோந்தான், மீசை நனையாமல் குடித்தான். இருபத்தேழு நக்கு. எண்ணினேன்.

அவன் மூத்திரம் போகிற மண் தட்டும் இப்போது இரண்டு, மூலைக்கொன்றாக. ஒரு பூனைக்கு எதற்கு இரண்டு என்று அம்மா. ஒருத்திக்கு எதற்கு இரண்டு ரூம் என்றும் கேட்பாள்.

ஜூன் 12

4. எலுமிச்சை 3!

ஜூன் 14, சனி

பாத்திரப் பெட்டியைக் காலி செய்ததும் உள்ளே போய்ச் சுருண்டுகொண்டான். அட்டையில் ‘உடையும், பார்த்து’ என்று இன்னொருவர் கையெழுத்து. பழைய பேப்பர்காரரிடம் போடவேண்டியது. பூனை படுத்திருக்கும்போது எப்படிப் போடுவது?

டிரில் சத்தம் தாங்காமல் மாடி ஏறினேன். இன்னும் மூன்று நாளில் முடிந்துவிடும் என்றார்கள். என் பூனைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. குழந்தை தூங்குகிறது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 16

காலையிலிருந்து 1. நெல்லிகூட இல்லை, சுண்டைக்காய். தட்டில் ஏறினான், குந்தினான், இறங்கினான். அடிவயிறு மெத்தென்றுதான் இருக்கிறது. என் கைக்கு அப்படித் தெரிகிறது.

டாக்டர்: “ஒரு மணி நேரம் பாருங்க. வரலைன்னா கூட்டிட்டு வந்துடுங்க.” கூடையில் துண்டு விரித்துவிட்டேன்.

9.40. மேலே சத்தம் நின்றுவிட்டது. பெட்டியிலிருந்து எழுந்து வருகிறான். தோண்டுகிறான்.