எண்ணூர்ச் சேற்றில் கண்டல் வளர்த்த கதை

கண்டல் என்றால் உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டு மரம். 2023 அக்டோபரில்தான் முதன்முதலாக அதன் விதை பொறுக்கினேன். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் எண்ணூர்க் கழிமுகம், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். அங்கே அதிகம் நிற்பது வெண்கண்டல். தாவரவியலில் அவிசென்னியா மரினா என்பார்கள். இலையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர் வழியாக ஏறிவிடும் உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிற மரம் அது.

அந்த ஆண்டு ஒரு கன்றும் மிஞ்சவில்லை. டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. கரையோரம் அடுக்கியிருந்த 150 பைகளிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. கழுவிப் பார்த்தேன், போகவில்லை. பெரிய மரங்களின் மூச்சுவேர்களிலும் அப்பியிருந்தது. சேற்றுக்குள் காற்று கிடையாது. தரைக்கு மேல் பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வேர்கள்தான் மரத்துக்கு மூச்சு. அதையே அடைத்துவிட்டால்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த ஆண்டு மறுபடி ஆரம்பித்தேன். மரத்தில் இறுகப் பிடித்திருக்கும் காயைப் பறிக்கக் கூடாது. தொட்டதும் கையோடு வந்தால், அல்லது தானே விழுந்து கிடந்தால், அது முற்றியது. விதை என்கிறோமே தவிர, மரத்தில் இருக்கும்போதே உள்ளுக்குள் முளைத்திருக்கும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவிட்டால் மேல்தோல் கழன்று, மடித்து வைத்தாற்போல இரண்டு தடித்த பருப்புகள் தெரியும். பூச்சி துளைத்ததை ஒதுக்கிவிட வேண்டும். கழிமுகச் சேற்றையே பையில் நிரப்பி, சுணை சுணையாக இருக்கும் வேர்நுனி கீழே பார்க்க, லேசாக அழுத்தினால் போதும். ஆழப் புதைத்தால் அழுகிவிடும். நாலு மாதம் பையில் வளர்ந்தன. ஆடுகளை விரட்டுவதுதான் அப்போது பெரிய வேலை, கண்டல் இலை என்றால் அவற்றுக்கு அவ்வளவு பிரியம்.

2025 பிப்ரவரியில் நட்டபோதுதான் தப்பு செய்தேன். பாதிக் கன்றுகளை, சேறு மெத்தென்று இருக்கிறதே, நடச் சுலபமாயிற்றே என்று தாழ்வான இடத்தில் வைத்தேன். மீதியில் சிலவற்றைப் பையிலேயே விட்டுவிட்டு மற்றதை மேட்டோரம் நட்டேன். ஐந்தே வாரத்தில் தாழ்வில் இருந்தவை இலை உதிர்த்துவிட்டன. மேட்டோரத்தில் இருந்தவை துளிர்த்திருந்தன.

பெரியப்பா அந்தத் தண்ணீரிலேயே இறாலும் மடவையும் பிடித்து வாழ்ந்தவர். படகை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். "தாய்மரத்துக்கு அடியில குட்டிச்செடி எந்த மட்டத்துல நிக்குதுன்னு பாரு தம்பி. தண்ணி வரணும், வந்தது வடியணும். இங்க எங்க வடியுது?" என்றார். அன்று கடல்நீர் வற்றம் முடியும்வரை உட்கார்ந்து பார்த்தேன். சுற்றிலும் தண்ணீர் இறங்கிவிட்டது, நான் நட்ட பள்ளத்தில் மட்டும் தட்டில் ஊற்றியதுபோலத் தேங்கியே நின்றது.

அப்புறம் மண்வெட்டியை எடுத்தேன். பிச்சாவரத்தில் மீன்முள் வடிவில் நடுவே ஒரு வாய்க்காலும் இருபுறமும் கிளைகளுமாக வெட்டி, அழிந்த அலையாத்திக் காட்டை மீட்டிருக்கிறார்கள். அதே யோசனைதான். பள்ளத்திலிருந்து ஓடைவரை முழங்கால் ஆழத்துக்கு ஒரே ஒரு வாய்க்கால் வெட்ட எனக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. தண்ணீர் வந்து வடியத் தொடங்கியதும் மிச்சமிருந்த பைகளை அங்கே ஒரு மீட்டர் இடைவெளியில் நட்டேன்.

இப்போது 60 கன்றுகளுக்கு மேல் நிற்கின்றன. அமாவாசை, பௌர்ணமி கழிந்ததும் போய்விடுவேன், பெரிய கடலேற்றம் கொண்டுவந்த பிளாஸ்டிக் பைகளும் வலைத்துண்டுகளும் தண்டில் சுற்றிக் கன்றைச் சாய்த்துவிடும். போன மாதம் அப்படிக் குப்பை எடுக்கும்போதுதான் மேட்டோரக் கன்று ஒன்றின் அடியில் முதல் மூச்சுவேரைப் பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லை. பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.