டீசல் வழியில் புகுந்த காற்று

உசிலம்பட்டியிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றிச் செல்லும் எங்கள் பழைய பிக்கப், நேற்று விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. முந்தைய நாள் மாலை, வாசல் வேப்பமரத்தடியில் டீசல் ஃபில்டரை மாற்றியபோது குழாயில் புகுந்த காற்றை நான் முழுமையாக வெளியேற்றாததே காரணம். டீசலைப் போலன்றிக் காற்று எளிதில் அமுங்கிவிடுவதால், வழியில் குமிழ் நின்றால், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறப்பதற்கு வேண்டிய அழுத்தம் உருவாவதில்லை. ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைச் சற்றே தளர்த்தி, கைப்பம்பை விடாமல் அமுக்கினேன்; முதலில் நுரையாகப் பொங்கிய டீசல், மெல்ல மெல்லக் குமிழ் குறைந்து, கடைசியில் தெளிந்த இழையாக என் விரல்மேல் வழிந்தது. பம்பை அமுக்கியபடியே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். கையை முதலில் எடுத்தால் காற்று மீண்டும் உள்ளே போகும். அப்பா சாவியைத் திருப்பினார். இரண்டாம் முறையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மல்லிகை மூட்டைகள் வாடுமுன் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தன.