அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கட்டி’ என்று எழுதியிருந்தது

அப்பாவுக்கு 62 வயது. கடலூர் முதுநகரில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். நாற்பது வருடமாக பீடி, ஒன்பது வருடமாகச் சர்க்கரை. ஆடி மாதம் வாக்கில் ராத்திரி ஐந்தாறு தடவை சிறுநீர் கழிக்க எழ ஆரம்பித்தார். சர்க்கரை ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். ஒருநாள் விடியற்காலையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், காவியைக் கரைத்து ஊற்றிய மாதிரி போயிருந்தது. வலி இல்லை. “உடம்புச் சூடுடா, நாலு நாள் மோர் குடிச்சா அடங்கிடும்” என்றார். இரண்டு நாளில் நிறம் மாறியும் போனது, அதனால் நாங்களும் விட்டுவிட்டோம்.

வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால் அதுதான் அதிகம் கவனிக்க வேண்டியது என்பது எனக்கு அப்போது தெரியாது. கல் என்றால் பெரும்பாலும் துடிக்க வைக்கும், சிறுநீர்ப் பாதைக் கட்டி சத்தம் இல்லாமல் ரத்தம் காட்டிவிட்டு, சில நாள் நின்று, மறுபடி வரும். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

மறுபடி வந்தபோது பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். யூரின் இன்ஃபெக்‌ஷன் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். குறையும், திரும்ப வரும், வேறு மாத்திரை. இப்படியே ஐந்து மாதத்தில் நான்கு கோர்ஸ். யூரின் டெஸ்ட் ஒவ்வொன்றிலும் சீழ் செல்கள் 25, 30 என்று இருந்தன, ஆனால் கல்ச்சர் வைத்த மூன்று தடவையும் ‘கிருமி எதுவும் வளரவில்லை’ என்றே வந்தது. சீழ் இருக்கிறது, கிருமி இல்லை. இந்த இரண்டும் ஒரே தாளில் எங்கள் ஃபைலுக்குள்ளேயே கிடந்தன, யாரும் சேர்த்துப் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

மார்கழியில் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். இடது கிட்னி வீங்கியிருக்கிறது, கல் அடைத்திருக்கும், சிடி எடுத்து வாருங்கள் என்று அனுப்பினார்கள். ஒரு ஸ்கேன் சென்டரில் ஊசி மருந்து எதுவும் போடாமல் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் ரிப்போர்ட். இடது யூரிட்டர், அதாவது கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய், அதன் சுவர் தடித்திருக்கிறது, கட்டியாக இருக்கலாம், புற்றுநோயாக இருக்க வாய்ப்பு, கிட்னியில் சிறு கல் துகள்கள். இதை எடுத்துக்கொண்டு போனால் ஒரு டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “கிட்னியோட குழாயையும் சேர்த்து எடுத்துடணும், லேட் பண்ணாதீங்க” என்றார். அந்த வகைக் கேன்சர் உறுதியானால் அது வழக்கமாகச் செய்யும் ஆபரேஷன்தான். ஆனால் எங்கள் விஷயத்தில் அதுவரை யாரும் எதையும் உறுதி செய்திருக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி வீடு இழவு வீடு மாதிரி இருந்தது. நெய்வேலியிலிருந்து மாமா போன் மேல் போன். அம்மா மறுநாள் காலையிலேயே பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து அடுப்படியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்பாவிடம் நாங்கள் ‘கட்டி’ என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது என்று நினைத்தோம். அவர் பீடிக் கட்டை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டார். தெரிந்துதான் இருந்தது.

சித்தப்பாதான் ஆபரேஷனுக்கு முன்னால் வேறு ஒருவரிடம் கேட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறி, ரெட்டிச்சாவடி, முள்ளோடை, தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டிப் புதுச்சேரி. ஒரு மணி நேரம்தான். ஆனால் அப்பாவுக்கு நடுவில் அடக்க முடியாமல் கிருமாம்பாக்கத்தில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்துப் போனோம்.

அங்கே பார்த்த யூரோ டாக்டர் (சிறுநீர்ப் பாதை நிபுணர்) படத்தை விளக்கில் மாட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இந்தப் படத்தை வச்சு நான் கிட்னியை எடுக்க மாட்டேன். இது கல் பார்க்கிறதுக்கு எடுத்த படம். கட்டியா இல்லையான்னு சொல்றதுக்கு சிடி யூரோகிராம்னு தனியா இருக்கு” என்றார். மருந்து போடாத ஸ்கேனில் கல் பளிச்சென்று தெரியும், ஆனால் குழாயின் சுவர் எது, உள்ளே நிற்கும் சிறுநீர் எது, கட்டி எது, உறைந்த ரத்தம் எது என்று பிரிப்பது கஷ்டமாம். ஐந்து மாதத்தில் முதன்முறையாக ஒருவர் நிதானமாகச் சொன்னார், நாங்களும் நிதானமானோம்.

சிடி யூரோகிராமுக்கு முன்னால், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தார்கள், 1.3 இருந்தது. ஊசியில் போடும் அயோடின் மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேறும் என்பதால் இந்த டெஸ்ட் இல்லாமல் எடுக்க மாட்டார்கள். அப்பா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், ஸ்கேன் அன்றிலிருந்து இரண்டு நாள் நிறுத்தி, மறுபடி கிரியாட்டினின் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொன்னார்கள். கிட்னி நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு எல்லா இடத்திலும் நிறுத்தச் சொல்வதில்லை, ஆனால் இந்த மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை ஸ்கேன் அறையில் கட்டாயம் சொல்லிவிடுங்கள். முன்பு ஊசி மருந்து எதற்காவது அலர்ஜி வந்திருந்தால், ஆஸ்துமா இருந்தால் அதையும். நான்கு மணி நேரம் சாப்பிடக் கூடாது, தண்ணீர் மட்டும் ஒரு லிட்டர் குடிக்கச் சொன்னார்கள். அடக்க முடியாத மனுஷருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பது எவ்வளவு பெரிய சோதனை என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கையில் மருந்து ஏற்றுவதற்குப் பச்சை நிற வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட்டார்கள். முதலில் மருந்தில்லாமல் ஒரு தடவை. அப்புறம் மெஷினே மருந்தை வேகமாக ஏற்றும், ஒன்றரை நிமிடம் கழித்து இரண்டாவது, அப்போது கிட்னியின் சதையும் கட்டி ஏதாவது இருந்தால் அதுவும் மருந்தை உறிஞ்சிப் பிரகாசமாகும். மூன்றாவது பத்து நிமிடம் கழித்து, அதற்குள் மருந்து சிறுநீரோடு கலந்து குழாய்க்குள் இறங்கிவிடும், குழாய் முழுக்க வெள்ளையாகத் தெரியும், அதில் எங்கே குறைகிறதோ அங்கே ஏதோ அடைக்கிறது என்று அர்த்தம். மருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து தொடை வரை சுடும், சிறுநீர் போய்விட்ட மாதிரி இருக்கும், போயிருக்காது, பயப்படாதீர்கள் என்று டெக்னீஷியன் முன்கூட்டியே சொன்னது நல்லதாயிற்று. இல்லையென்றால் அப்பா பதறி எழுந்திருப்பார்.

பத்து நிமிடத்தில் வலது பக்கம் குழாய் நூல் பிடித்த மாதிரி அழகாக வந்துவிட்டது. இடது பக்கம் ஒன்றுமே வரவில்லை. வீங்கிய கிட்னி மருந்தை மெதுவாகத்தான் விடுமாம். ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் மேடம் வெளியே வந்து, “ஐயாவை அனுப்பிடாதீங்க, கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க, அரை மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கணும்” என்றார். எங்களுக்குப் பின்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள். அந்த அரை மணி நேரத்தை அவர் எங்களுக்குக் கொடுத்தார். அப்பாவைக் குப்புறப் படுக்க வைத்து, புரட்டி, மருந்து நன்றாகக் கலந்த பிறகு கடைசிப் படம் எடுத்தார்கள்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் காட்டினார். இப்படி ஒரு டாக்டர் கூப்பிட்டுக் காட்டுவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. சிடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் இருக்கிறது, ஹவுன்ஸ்ஃபீல்டு எண். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. (சிடி மெஷினைக் கண்டுபிடித்து 1979இல் நோபல் பரிசு வாங்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு பெயர்தான் அது.) குழாய்க்குள் உறைந்த ரத்தம் இருந்தால் மருந்து போடும் முன்பே 50, 60 என்று காட்டும், மருந்து போட்ட பிறகும் அதே எண்தான், ஏனென்றால் அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. கட்டி என்றால் எண் ஏறும். கல் என்றால் ஆரம்பத்திலேயே நூற்றுக்கணக்கில். சர்க்கரைக்காரர்களுக்குப் பூஞ்சை உருண்டையாகச் சேர்ந்து கட்டி மாதிரியே நிற்கும், வயதான ஆண்களுக்குப் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் நடுப்பகுதி சிறுநீர்ப்பைக்குள் துருத்திக்கொண்டு வந்து கட்டி என்று ஏமாற்றும். இவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும் என்றார்.

அப்பாவுக்கு எண் ஏறத்தான் செய்தது. என் முகம் மாறியதைப் பார்த்து, “அவசரப்படாதீங்க, புண்ணான சுவரும் ஏறும்” என்றார். கடைசிப் படத்தைத் திருப்பிக் காட்டினார். இடது குழாய் ஒரே இடத்தில் அடைபடவில்லை. மூன்று இடத்தில் இறுக்கம், நடுநடுவே வீக்கம், மணி கோத்த மாதிரி. கிட்னிக்குள் சிறுநீர் சேரும் கிண்ணங்களின் ஓரம் பூச்சி அரித்த மாதிரி பிசிறாக இருந்தது, மேல் கிண்ணம் ஒன்று கழுத்து நெரிபட்டு மூடியே போயிருந்தது. பழைய ரிப்போர்ட்டில் கல் துகள் என்று எழுதியது சிறுநீர் ஓடும் பாதையில் இல்லை, கிட்னியின் சதைக்குள் சுண்ணாம்பு படிந்திருந்தது. சிறுநீர்ப்பையும் சுருங்கியிருந்தது, அதனால்தான் அடக்க முடியவில்லை.

பிறகு வெளியே வந்து அப்பாவிடம் கேட்டார், “ஐயா, சின்ன வயசுல உங்களுக்கு நெஞ்சு சளி, இருமல்னு ரொம்ப நாள் வைத்தியம் பண்ணாங்களா?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, “கல்யாணத்துக்கு முன்னாடிம்மா. தினம் ஊசி போட்டாங்க. மூணு மாசத்துல சரியாயிடுச்சுன்னு நிறுத்திட்டேன்” என்றார். டிபி. பெண் கொடுக்க மாட்டார்கள் என்று தாத்தா மறைத்தது, அப்படியே முப்பத்தைந்து வருடம் போயிருக்கிறது. அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் ஒன்றும் கேட்கவில்லை, அப்பாவின் கையில் பஞ்சு வைத்திருந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

நுரையீரலில் வந்த கிருமி அப்போதே ரத்தத்தில் கலந்து கிட்னியில் போய் உட்கார்ந்து, இருபது முப்பது வருடம் கழித்துக்கூட எழுந்திருக்குமாம். சர்க்கரை இருந்தால் இன்னும் எளிது. சாதாரண கல்ச்சரில் டிபி கிருமி வளராது, அதனால்தான் சீழ் இருந்தும் ‘கிருமி இல்லை’ என்று வந்தது. போதாக்குறைக்கு யூரின் இன்ஃபெக்‌ஷனுக்குக் கொடுக்கும் சில ஆன்டிபயாடிக் டிபியையும் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும், அதனால்தான் ஒவ்வொரு கோர்ஸிலும் குறைந்த மாதிரி இருந்திருக்கிறது.

அப்படியும் ரிப்போர்ட்டில் அவர் டிபி என்று முடிவாக எழுதவில்லை. டிபியாக இருக்க வாய்ப்பு அதிகம், கேன்சர் இல்லை என்று சதைப் பரிசோதனையில் உறுதி செய்ய வேண்டும் என்றே எழுதினார். சிறுநீர்ப்பைக்குள் தட்டையாகப் படர்ந்த கேன்சரை சிடி தவறவிடக் கூடும், உள்ளே கேமரா விட்டுத்தான் பார்க்க வேண்டும். மூன்று நாள் விடியற்காலை முதல் சிறுநீரைப் பிடித்துக் கொடுத்தோம், டிபி ஜீன் டெஸ்டுக்கு. அந்தக் கேமரா சோதனையை, சிஸ்டோஸ்கோப்பி என்பார்கள், செய்து சிவந்திருந்த இடத்தில் சதை எடுத்தார்கள், அதே நேரத்தில் இடது குழாய்க்குள் சிறுநீர் தடையில்லாமல் இறங்க டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயும் வைத்துவிட்டார்கள். ஜீன் டெஸ்டில் டிபி என்று வந்தது, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்கும் என்றும் வந்தது. ஆனாலும் சதைப் பரிசோதனை (பயாப்சி) முடிவு வரும்வரை ஒன்பது நாள் எனக்குத் தூக்கம் இல்லை. கேன்சர் செல் எதுவும் இல்லை, டிபிக்கே உரிய புண் என்று அந்தத் தாளைப் படித்துக் காட்டியபோது சித்தப்பா ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

மருந்து அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது, கடலூரிலேயே வாங்கிக்கொண்டோம். ஆறு மாதம், தினமும், எடைக்குத் தகுந்த மாத்திரை. பேங்க் கணக்கில் மாதம் 1000 ரூபாய் சத்துணவுக்கு வருகிறது. கண் பார்வையை ஒருமுறை சோதித்தார்கள், ஒரு மாத்திரை கண் நரம்பைப் பாதிக்கலாம் என்பதால். வீட்டில் எங்கள் எல்லோருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள், யாருக்கும் ஒன்றும் இல்லை.

மாத்திரை தொடங்கிய மறுநாள் அப்பா கழிவறையிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார். ஆரஞ்சு நிறம். இரண்டு பேரும் அப்படியே நின்றோம். போன் செய்தால், ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் அப்படித்தான் போகும், ரத்தம் இல்லை என்றார்கள். இதை மாத்திரை கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

டிபி ஆறும்போது தழும்பு இழுத்துக் குழாய் இன்னும் இறுகலாம் என்பதால் மூன்றாவது மாதம் ஸ்டென்ட் மாற்றினார்கள், ஆறாவது மாதம் எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு ஒரு சிடி. அதே மேடம்தான் பார்த்தார். மூடிப்போன மேல் கிண்ணம் திறக்கவில்லை, அந்தப் பகுதி போனதுதான் என்றார். மீதிக் கிட்னி வேலை செய்கிறது, இடது குழாயில் இந்தத் தடவை பத்தாவது நிமிடத்திலேயே வெள்ளை இறங்கி வந்தது. அப்பா ராத்திரி இரண்டு தடவைதான் எழுகிறார். ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குத் திரும்பி வரும்போது எங்கும் இறங்காமல் புதுச்சேரியிலிருந்து நேராக மஞ்சக்குப்பம் வரை பஸ்ஸில் உட்கார்ந்து வந்தார்.