ரோட்டரிக்கு எந்த சென்சார்?

ஜூன் 3, தக்கலை

எங்கள் விமானத்துக்காக ஷார்ஜாவிலிருந்து மச்சான் தேடிப் பிடித்து அனுப்பிய மஸ்டா 13பி டெஸ்ட் ஸ்டாண்டில் ஏறிவிட்டது. பழைய ஆர்எக்ஸ்-7 காரின் ரோட்டரி எஞ்சின், 1308 சிசி. பிஸ்டனுக்குப் பதில் உள்ளே இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுற்றும். 2.85 விகித கியர்பாக்ஸ் போட்டால் 6000 ஆர்பிஎம்மில் புரொப்பெல்லர் சுமார் 2100 சுற்றும். இதெல்லாம் முடிவான விஷயம். முடிவாகாதது கிராங்க் ஆங்கிள் சென்சார், அதாவது பிளக் சரியான நேரத்தில் பொறி விட, ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்வது.

கூடவே வந்ததை வைத்துக்கொள்ளலாமே என்கிறான் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை. அது கியர் வழியாக, ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுற்றுவது. உள்ளே 24 பல்லில் ஒரு சக்கரம், 2 பல்லில் ஒன்று. கியர்ப் பற்களுக்கு நடுவே உள்ள ஆட்டம் அப்படியே பிளக் பொறி விடும் டைமிங்கில் வந்து விழும். ரோட்டரியில் டைமிங் ரொம்ப முந்தினால் நாக்கிங், அதாவது எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது. நாக்கிங் வந்தால் ரோட்டர் முனைகளில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் உடையும்.

ஜூன் 6

ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் ஒவ்வொரு ரோட்டரும் ஒரு தடவை எரியும். அதனால் பிஸ்டன் எஞ்சினில் எந்தச் சுற்றில் எரிய வேண்டும் என்று பிரித்துச் சொல்லும் கேம் சென்சார் என்ற பேச்சே இல்லை. 36 பல்லில் ஒன்றை வெட்டியெடுத்த சக்கரம் ஷாஃப்டின் முன்நுனியில் நேராக உட்கார்ந்தால் போதும். பத்து டிகிரிக்கு ஒரு பல், வெட்டிய இடம் சுற்றின் அடையாளம்.

பல் கடப்பதை உணரும் சென்சார் இரண்டு வகை. ஹாலா, விஆரா? ஹால் மெதுவாகச் சுற்றும்போதும் சுத்தமான சிக்னல் தரும். ஆனால் அதற்கு கரண்ட் கொடுக்க வேண்டும். அந்த ஒயர் போனால் சென்சாரும் போச்சு. விஆர் வெறும் காந்தமும் காயிலும்தான். மல்டிமீட்டரை வைத்து ஓம்ஸ் பார்த்தால் காயில் அறுந்திருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். விஆர் என்று முடிவு செய்தேன், அதுவும் இரண்டு. ரோட்டருக்கு இரண்டு பிளக் இருந்து என்ன, இந்த ஒரு சிக்னல் நின்றால் நாலும் சேர்ந்தே அணையும். ஆகாயத்தில் ஓரங்கட்ட இடமில்லை.

ஜூன் 11, கோட்டாறு

"அலுமினியத்துல அடிச்சா வெயிட்டு குறையுமே தம்பி?" என்றார் லேத் அண்ணாச்சி. விஆருக்கு இரும்புப் பல்தான் வேண்டும் என்றதும் மறுபேச்சில்லாமல் எம்எஸ் இரும்புத் தகட்டை எடுத்தார். டயல் கேஜ் வைத்து முள் அசையாத வரைக்கும் சக்கரத்தைத் திருத்திக் கொடுத்தார். பல்லுக்கும் சென்சாருக்கும் இடைவெளி ஒரு மில்லிதான், சக்கரம் கோணினால் சிக்னலும் ஏறி இறங்கும். உப்புக்காற்று ஊர், ஜிங்க் பிளேட்டிங் கட்டாயம்.

ஜூன் 19

சிக்னலை அலையாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப் மாட்டி செல்ஃப் அடித்தோம். அலை சின்னதுதான், ஆனால் வெட்டிய பல் தெளிவாகத் தெரிந்தது. வேண்டுமென்றே இரண்டு ஒயரையும் மாற்றிப் பூட்டிப் பார்த்தேன். பல்லின் நடுவில் செங்குத்தாக விழ வேண்டிய கோடு மேல்நோக்கி ஏறியது. வெட்டிய இடத்தில் அலை இழுபட்டுக் குழம்பியது. இப்படியே விட்டால் வேகம் ஏற ஏற டைமிங் நகரும். சரியான முனைக்குச் சிவப்பு ஸ்லீவ் போட்டாச்சு.

ஜூன் 22

சென்சார் இரண்டானாலும் சக்கரம் ஒன்றுதான். அதன் போல்ட்டுகள் கழன்றுவிடாமல் லாக் ஒயர் கட்டினேன். ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு ஈசியூ (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்), தனித்தனி முறுக்கு கேபிள், ஷீல்டு ஈசியூ பக்கம் மட்டும் எர்த்.

கேபிள் போகும் வழிதான் தலைவலி. எஞ்சினின் ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் சூடு, மறுபக்கம் பிளக் ஒயர்கள். இரண்டுக்கும் ஒதுங்கி எஞ்சின் மேலாகவே கிளாம்ப் அடித்துக் கொண்டுபோகிறேன்.