எட்டு மீட்டர் கிழங்குக் கொடி

மெல்போர்னில் உள்ள விக்டோரியா தேசிய ஓவியக்கூடத்தில் காட்சிக்கூடப் பணியாளராக இருந்த ஆண்டுகளில், ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் எமிலி காம் குங்வரேயின் ஓவியத்திற்கு எதிரே நான் நின்ற மணிநேரங்களுக்குக் கணக்கில்லை. 1995இல் வரையப்பட்ட அந்த ஓவியம் எட்டு மீட்டர் அகலமும் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் கொண்டது. கறுப்புப் பரப்பின் மேல் வெள்ளைக் கோடுகள் பின்னிப் படர்வதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. யாரும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்றாலும், வந்தவர்களில் பலர் "இது என்ன?" என்று என்னிடமே கேட்டார்கள்.

முதல் ஆண்டு முழுவதும், "நிலவரைபடம்" என்று சொல்லிச் சமாளித்தேன். எவரும் மறுக்காததால் அதுவே சரி என்றும் நம்பிவிட்டேன். பிறகு எமிலியைப் பற்றிப் படித்தபோது வெட்கமாக இருந்தது. நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடகிழக்கே, தம் முன்னோர் நிலமான அல்ஹல்கெரேயில் மண்ணுக்கடியில் ஓடும் கிழங்குக் கொடியை அவர் வரைந்திருந்தார். அவர் பெயரில் உள்ள 'காம்' என்பதும் அக்கிழங்கின் விதையைக் குறிப்பதுதான். கிழங்கு முற்றும்போது நிலத்தில் விழும் வெடிப்புகளும், சடங்கின்போது பெண்கள் மார்பில் தீட்டிக்கொள்ளும் வரிகளும் அதே கோடுகளுக்குள் அடங்கியிருந்தன.

அன்மாட்யேர் இனத்தின் மூத்த பெண்ணான அவர் 1977இல், துணியில் மெழுகால் வரைந்து சாயமேற்றும் பாத்திக் கலையைக் கற்றார். மெழுகு காய்ச்சுவதும் துணி அலசுவதும் உடலை வருத்தும் வேலை. 1988ஆம் ஆண்டின் இறுதியில் அக்ரிலிக் வண்ணம் கைக்கு வந்தபோது அவருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. 1996இல் மறைவதற்குள் ஏறத்தாழ 3,000 ஓவியங்கள் வரைந்துவிட்டார். மறு ஆண்டு வெனிஸ் பியன்னாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் ஆஸ்திரேலியாவின் சார்பில் வைக்கப்பட்ட ஓவியங்களில் அவருடையவையும் இருந்தன. நியூயார்க்கின் அருவ ஓவியர்களோடு அவரை ஒப்பிட்டுப் பேசுபவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அந்த ஓவியர்களைப் பார்த்து வரையக் கற்றவர் அல்லர் அவர் என்பதால், அந்தப் பாராட்டு எனக்கு ஒட்டவில்லை.

ஒருநாள் ஒரு சிறுவன், "இதில் மேல்பக்கம் எது?" என்று கேட்டான். கித்தானைத் தரையில் விரித்து, அதன் மேலேயே உட்கார்ந்து இரண்டு நாட்களில் அவர் வரைந்து முடித்ததைச் சொன்னேன். உடனே அவன் நடுக்கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். வழியை மறித்து உட்காருபவர்களை எழுப்புவதும் என் வேலைதான். அன்று அவனை நான் எழுப்பவில்லை. சுற்றிப் போகும்படி மற்றவர்களுக்குக் கை காட்டினேன்.