பேட்டரி மாற்றும் முன் மீட்டரை வையுங்கள்

கத்திரி வெயில் நேரத்தில் வேலூரில் அடிக்கடி நடப்பது இது. காலையில் பைக்கில் செல்ஃப் அமுக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. கடைக்குத் தள்ளிப்போனால் "பேட்டரி போச்சு" என்பார்கள். புதுசு போட்டால் இரண்டு மாதத்தில் அதுவும் படுத்துவிடும். பேட்டரியைச் சாகடித்தது எது என்று யாரும் பார்க்காததால் வரும் வீண் செலவு.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் அரை மணியில் காரணம் தெரிந்துவிடும். ஸ்பேனர் செட் வாங்குவதற்கும் முன்னால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸ்ஸிலும் வையுங்கள். 12.6க்கு மேல் காட்டினால் முழு சார்ஜ். 12.4 பரவாயில்லை. 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டு, சில மணி நேரம் சும்மா விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் 12க்கு இறங்கினால் பேட்டரி உள்ளே போய்விட்டது.

முனைகளை எடுக்காமலே ஒருவரை செல்ஃப் அமுக்கச் சொல்லுங்கள். 12.6இலிருந்து பத்து, பத்தரைக்கு இறங்கி மீண்டால் சரி. 9.6க்கும் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம். 'டக்' சத்தம் மட்டும் கேட்டு, மீட்டர் 12.5லேயே அசையாமல் நின்றால் பேட்டரியைத் தொடவே வேண்டாம். கரண்ட் மோட்டாருக்குப் போகவில்லை. டெர்மினல், ரிலே, எர்த், மோட்டார் பிரஷ், இந்த வரிசையில் தேடுங்கள்.

பலர் விட்டுவிடுவது எர்த்தை, அதாவது பேட்டரி மைனஸ்ஸை எஞ்சினோடு சேர்க்கும் வயரைத்தான். கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்தின் மேலேயே வையுங்கள், வயர் முனையிலுள்ள லக்கின் (உலோக வளையத்தின்) மேல் வேண்டாம். சிவப்பை எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில் அழுத்திக்கொண்டு செல்ஃப் அமுக்குங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ துரு. எர்த் போல்ட்டைக் கழற்றி, லக்கையும் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளில் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லைன் தடவுங்கள். பேட்டரி வயர் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். மாற்றிச் செய்தால் பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் சேசிஸில் பட்டுப் பொறி பறக்கும்.

அடுத்தது சார்ஜிங். ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட் எரிய, பாதி ஆக்சிலேட்டரில் பேட்டரி மேல் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். 13க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. புதுசு போட்டாலும் இதே கதிதான். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க முடியாது. காட்பாடியிலிருந்து கிரீன் சர்க்கிள் வரை ஐடிலிங்கிலேயே ஊர்ந்தால் ஏறும் சார்ஜும் லைட் தின்னும் சார்ஜும் சரியாகிப்போகும். வாரம் ஒரு நாளாவது ஆற்காடு ரோட்டில் அரை மணி சீராக ஓட்டுவது பேட்டரிக்கு நல்லது.

சார்ஜ் வரவில்லை என்றால் ரெகுலேட்டர் ரெக்டிஃபயர் யூனிட்டில் வயர்கள் வந்து சொருகும் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒரு பின்னைச் சுற்றி உருகியிருந்தால் திருடன் அகப்பட்டான். பின் லூஸானால் அங்கே சூடாகும், சூட்டில் இன்னும் லூஸாகும். நாற்பது டிகிரி வெயிலும், யூனிட்டின் பட்டைகளுக்கு நடுவே அடைந்த சேறும் இதை விரைவுபடுத்தும். கப்ளர் நன்றாக இருந்தால் அடுத்து எஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்கும் காயில். மூன்று ஒரே நிற வயர்கள் வரும் வண்டியில், மீட்டரை ஓமில் வைத்து இரண்டிரண்டாகப் பாருங்கள். மூன்று அளவும் ஒன்றாகவும் சிறியதாகவும் இருக்க வேண்டும். எந்த வயருக்கும் எஞ்சின் பாடிக்கும் தொடர்பு இருக்கக்கூடாது. காயிலும் தேறிவிட்டால் பழுது ரெகுலேட்டரில்.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய, பிஎஸ் 6 என்ற புகை விதிப்படி வந்த இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இதெல்லாம் இன்னும் முக்கியம். சாவி போட்டதும் டேங்கில் இரண்டு விநாடி 'உய்ங்' என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். வோல்ட் குறைந்தாலே எஞ்சின் லைட் எரியக்கூடும், சென்சார் பழுது போலத் தோன்றும். ஆகவே பேட்டரி அளவைச் சரிசெய்யாமல் சென்சார் வாங்காதீர்கள்.

வெயில் காலத்தில் ஆயில் மாற்றத்தையும் தள்ளிப்போட வேண்டாம். காற்றில் குளிரும் எஞ்சினுக்கு நெரிசலில் காற்றே கிடைப்பதில்லை. கேனில் பைக் ஆயிலுக்கான தரக்குறி ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்தி, சென்டர் ஸ்டாண்டில் டிரெயின் போல்ட்டைத் திறங்கள். 100 சிசி வண்டிகளில் முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்குள் பிடிக்கும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். திரும்ப மாட்டும்போது புது வாஷர் போட்டு, போல்ட் முழுக்க விரலாலேயே திருகி உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர். அடிப்பகுதி அலுமினியம், கோணலாக ஏறிய போல்ட்டை ஸ்பேனரால் இழுத்தால் மரை உரிந்து, ஐந்நூறு ரூபாய் வேலை ஐயாயிரமாகும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். தோல் ஆலைக் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. நம் வீட்டு ஆயிலும் அந்த மண்ணில்தான் இறங்கும். பழைய ஆயில் கேனிலேயே ஊற்றி மூடி, ஆயில் சேர்த்து வைக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அவர்களிடம் ஒரு டிரம் இருக்கும்.