யார் முதலில் வந்தார்கள் என்று கேட்காத சட்டம்

கொழும்பு வெள்ளவத்தையில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வெளியே வந்து நிற்கிற ஆம்பிளைகள் பத்து நிமிஷத்துக்குள் தாயகக் கதைக்கு, அதாவது இலங்கையின் வடக்கு கிழக்கு யாருடைய பூமி என்ற கதைக்கு, வந்துவிடுவார்கள். ஒருவர் 1619 என்பார், இன்னொருவர் 1799 என்பார், கனடாவில் இருந்து லீவில் வந்தவர் தமிழருக்குத் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை மனப்பாடமாகச் சொல்லுவார். அடுத்த நாள் அலுவலகத்தில் சிங்கள நண்பர் மகாவம்சத்தோடு ஆரம்பிப்பார். நான் புதுக்கடைப் பக்கம் காணி உறுதி எழுதிப் பிழைக்கிற ஆள். என் வாதம் இதுதான்: முதலில் வந்தது யார் என்ற சண்டையில் யார் வென்றாலும் அரைப் பரப்புக் காணிகூட யாருக்கும் திரும்பி வராது. நிலம் கைமாறுவது வேறு தாளில்.

அந்த 1799 கதையையே எடுங்கள். ஆங்கிலேயரின் முதல் குடியேற்றச் செயலாளர் கிளெகோர்ன் அந்த வருஷம் ஒரு குறிப்பு எழுதினார். மிகப் பழைய காலம் தொட்டே இரண்டு வேறு இனங்கள் இந்தத் தீவைப் பங்கிட்டு வாழ்கின்றன, வளவை ஆறு முதல் சிலாபம் ஆறு வரை தெற்கிலும் மேற்கிலும் சிங்களவர், வடக்கு கிழக்கில் மலபார்கள், அதாவது நாம். 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் தொடக்கம் ஏறத்தாழ இந்த வசனம்தான். ஆனால் அதே குறிப்பில், சிங்களவர்தான் முதலில் குடியேறியவர்கள் என்று ஒப்புக்கொள்ளப்படுகிறது என்றும், அவர்கள் சீயத்தில் (இன்றைய தாய்லாந்தில்) இருந்து வந்தவர்கள் என்றும் அந்த மனிதர் எழுதிவைத்திருக்கிறார். சீயமாம்! நம்மவர் முதல் பாதியோடு நிறுத்துவார்கள், மற்றவர்கள் இரண்டாம் பாதியைக் காட்டிச் சிரிப்பார்கள். வந்து நாலு வருஷம் ஆகாத ஆட்சியின் ஓர் அதிகாரி எழுதிய குறிப்பில் இவ்வளவு பாரத்தை ஏற்றியது நம் பிழை என்றுதான் எனக்குப் படுகிறது.

தொல்லியலுக்குப் போனாலும் இதே கதைதான். வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொன்னேட்டில் பிராகிருதத்தில் அனுராதபுரத்து வசப மன்னனின் பெயர் இருக்கிறது, ஆகவே யாழ்ப்பாணம் சிங்களப் பூமி என்று ஒருவர். ஆனைக்கோட்டையில் கிடைத்த பழைய முத்திரையைக் காட்டி இல்லை, தமிழ்ப் பூமி என்று இன்னொருவர். கந்தரோடைத் தூபிகளைப் பார்த்ததும் அங்கே தமிழ்ப் பௌத்தர்கள் இருந்திருக்கலாம் என்ற யோசனைகூட இரண்டு பக்கத்துக்கும் வராது. கிழக்கு இன்னும் சிக்கல். மட்டக்களப்பும் திருகோணமலையும் யாழ்ப்பாண அரசின் கீழேயே எப்போதும் இருந்தன என்று சொல்ல முடியாது, அந்தக் கரையில் கண்டி அரசனுக்கும் பிடி இருந்தது, கரையோரத்தைக் கண்டி ஒல்லாந்தருக்கு எழுதிக்கொடுத்தது 1766இல்தான். அவரவர் தமக்குப் பிடித்த ஆண்டில் மணிக்கூட்டை நிறுத்திவிட்டுப் பேசுகிறார்கள்.

சட்ட வாதம் ஒன்றும் இருக்கிறது, அது நல்ல வாதம். 1619இல் போர்த்துக்கேயர் பிடித்தது யாழ்ப்பாண அரசை, 1815இல் ஆங்கிலேயர் எடுத்தது கண்டியை, எல்லாவற்றையும் ஒரே நிர்வாகமாக ஒட்டியது 1833இல்தான், அப்படியானால் 1948இல் வெள்ளைக்காரன் விட்டுப்போன இறைமை எப்படி முழுவதுமாக ஒரே கைக்குப் போகும்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உலகம் குடியேற்ற நாடுகளுக்குச் சுதந்திரம் கொடுத்தபோது வெள்ளைக்காரன் கீறிய எல்லையை அப்படியே வைத்துக்கொள்வது என்றுதான் முடிவெடுத்தது, அந்தச் சுவரில் இந்த வாதம் முட்டி நிற்கிறது. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தம் வடக்கு கிழக்கைத் தமிழ் பேசும் மக்கள் வரலாற்று ரீதியாக வாழ்ந்துவந்த பிரதேசம் என்று ஏற்றது, கூடவே மற்ற இனங்களோடு சேர்ந்து வாழ்ந்த இடம் என்றும் போட்டது. பிறகு இரண்டு மாகாணங்களும் இணைக்கப்பட்டன, 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அதை உடைத்தது. உடைத்த காரணம் தெரியுமா? இணைப்புக்கு வழி செய்யச் சட்டத்தை அவசரகால விதியால் மாற்றியது செல்லாது என்பது. தாயகம் உண்டா இல்லையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே தேவைப்படவில்லை.

(இதை எழுதினால் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தத்தில் உள்ளே போட்டுவிடுவார்களோ என்று கேட்கிறவர்களுக்கு: அது தனிநாடு கேட்பதைத்தான் தடுக்கிறது. சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, கேட்பது பிரிவினை அல்ல என்று 2017இல் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது.)

சரி, நிலம் எந்தத் தாளில் போகிறது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, ஆளில்லாத, பயிர் செய்யாத காணி எல்லாம், மாறாக நிரூபிக்கும் வரை முடிக்குரியது என்று அனுமானிக்கப்படும். அவ்வளவுதான், ஒரே வரி. நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். அன்று அதில் அடிபட்டவர்களில் முக்கியமானவர்கள் கண்டிப் பக்கத்துச் சிங்களக் குடியானவர்கள். சேனைப் பயிர் (காட்டை வெட்டி எரித்துச் செய்கிற பயிர்) செய்த காணிக்குச் சன்னசு, அதாவது அரசன் கொடுத்த பட்டயம், காட்டு, இல்லாவிட்டால் வரி கட்டியதைக் காட்டு என்றார்கள், காட்ட முடியாதவர்களின் மலை கோப்பித் தோட்டமானது. அந்தத் தோட்டத்துக்குக் கூலியாகக் கொண்டுவரப்பட்ட மலையகத் தமிழருக்கு இன்றைக்கும் லயத்து அறை நிற்கிற மண்கூடச் சொந்தமில்லை. முடி போய் அரசு வந்தது, அனுமானம் மட்டும் போகவில்லை.

2025 மார்ச் 28இல் வந்த வர்த்தமானி ஞாபகம் இருக்கும். வடமாகாணத்தில் சுமார் 5,900 ஏக்கர், மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. எதிர்ப்பு கிளம்பி, வழக்குப் போய், கடைசியில் மீளப் பெற்றார்கள். அந்த மூன்று மாதத்தில் எனக்கு வந்த வட்ஸ்அப் படங்களைப் பார்த்திருக்க வேண்டும். முல்லைத்தீவுப் பக்கத்துச் சித்தி ஒருவரின் உறுதி, 2009இல் சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது, உப்புத்தண்ணீர் பட்டு நடுப்பக்கம் ஊதா மையாகக் கரைந்து கிடக்கிறது. வாசிக்க முடிந்தது எல்லைகள் மட்டும். கிழக்கு வாய்க்கால், வடக்கு வெளி, தெற்கு ஒழுங்கை. அந்த வாய்க்கால் இப்போது தூர்ந்துபோய்விட்டது, ஒழுங்கை இருந்த இடத்தில் பற்றை, அதற்குள் ஒரு திணைக்களத்தின் எல்லைக்கல். பயிர் செய்யாத காணி என்று சட்டம் சொன்னால் உண்மைதானே, ஷெல் விழுகிற இடத்தில் யார் உழுவது?

தனி ஆட்களுக்கு எதிராக ஒரு பாதுகாப்பு வந்தது, 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம். யுத்தத்தால் போக முடியாதவர்களின் காணியில் இன்னொருவர் இருந்து, நீண்டகாலம் இருந்ததால் தனக்கே சொந்தம் என்று ஆட்சியுரிமை கோரினால் 1983 முதல் 2009 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காது. நல்லது. ஆனால் காட்டைத் தனதென்று சொல்லுகிற அரசின் அனுமானத்தை அது தொடவில்லை.

இந்த இடத்தில் நம்மவர்கள் கேட்க விரும்பாத ஒன்று. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள், யாழ்ப்பாண நகரத்தில் சில மணி நேர அவகாசம்தான். தாயகம் என்று ஒரு கோடு கீறினால் அதற்குள் யாரை வைப்பது, யாரைத் துரத்துவது என்பதையும் கீறுகிறவரே தீர்மானிப்பார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இருபது வருஷம் புத்தளத்து முகாம்களில் இருந்துவிட்டு மன்னார் முசலிப் பக்கம் திரும்பியவர்களின் காணியில் மரம் வளர்ந்திருந்தது, 2017இல் அந்தப் பகுதியில் மாவில்லு பேணற்காடு என்று வர்த்தமானி வந்தது. பக்கத்தில் உள்ள வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள் என்று கொழும்பில் பதாகை பிடித்தார்கள். முல்லைத்தீவுச் சித்திக்கும் முசலிக்காரருக்கும் வழக்கு ஒன்றுதான், ஆனால் இரண்டு பேரும் ஒரே சட்டத்தரணியிடம் வந்து நான் பார்த்ததில்லை.

மாகாண சபைக்குக் காணி அதிகாரம் என்று அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தில் இருக்கிறதே என்பீர்கள். அதே திருத்தத்தில் தேசிய காணி ஆணைக்குழு என்றும் ஒன்று இருக்கிறது, 1987இல் எழுதியது, இன்னும் அமைக்கவில்லை. அரச காணி மாகாணத்தின் அதிகாரத்துக்குள் வராது என்று 2013இல் உயர் நீதிமன்றமும் தீர்த்துவிட்டது. மேடையில் தாயகம் பேசுகிற கட்சிகள் இந்த ஆணைக்குழுவையும், 1840இன் அனுமானத்தை யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு திருத்தத்தையும் கேட்டு ஒற்றைக்காலில் நின்றால் நான் முதல் ஆளாக வாக்குப் போடுவேன். கண்டிப் பக்கத்துச் சிங்களவருக்கும் அதில் நன்மை உண்டு.

அதுவரைக்கும், ஊரில் காணி இருப்பவர்கள், வெளிநாட்டில் இருந்து வாசிப்பவர்களும்தான், செய்யக்கூடிய வேலை இருக்கிறது. காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதியையும் பதிவேட்டுச் சுருக்கத்தையும் எடுங்கள். பழைய நில அளவைப் படம் இருந்தால் ஸ்கேன் பண்ணி வையுங்கள், இல்லாவிட்டால் புதிதாக ஒன்று கீறுவியுங்கள். எல்லைக் காணிக்காரர் உயிரோடு இருக்கும்போதே சத்தியக்கடதாசி வாங்குங்கள். பற்றையை வெட்டி நாலு தென்னையாவது வையுங்கள்.